குளிர் நாட்டில் தர்ப்பூசணி: குடிலா, கறுப்பு விரிப்பா?

இங்கிலாந்தில் தர்ப்பூசணி போடுகிறவர்களுக்கு வெளிச்சம் பிரச்சினையே இல்லை. ஜூனில் பகல் பதினாறு மணி நேரம் நீளும். மண் சில்லென்று கிடப்பதுதான் தொல்லை. லண்டனில்கூட ஜூலைப் பகல் உச்சம் சராசரியாக 23, 24 டிகிரிதான். விதையோ முளைக்க 25 முதல் 30 டிகிரி கேட்கும். 18க்குக் கீழே ஈரமண்ணில் கிடந்தால் அழுகிப்போகும். அதனால் கண்ணாடி அல்லது பாலித்தீன் போட்ட குடிலோ, திறந்த நிலத்தில் கறுப்பு விரிப்போ, எந்த வழியானாலும், நடுவதற்கு நான்கு வாரம் முன்பே வீட்டுக்குள் 9 செ.மீ. தொட்டியில் விதைக்க வேண்டும். நடும்போது வேர்மண் உதிரக் கூடாது. உதிர்ந்தால் செடி நாள்கணக்கில் வளராமல் விழித்துக்கொண்டு நிற்கும். இங்கே அந்த நாட்களை ஈடுகட்ட முடியாது.

திறந்த நிலத்தில் கறுப்பு பாலித்தீன் விரிப்பு மலிவான வழி. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே விரிக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: ஷீட்டை மேட்டின் மேல் தொளதொளவென்று போட்டுவிடுகிறார்கள். கறுப்பு ஷீட் தான் சூடாகி, தொட்டுக்கொண்டிருக்கும் மண்ணுக்கு அந்தச் சூட்டைக் கடத்துகிறது. நடுவில் காற்று இருந்தால் சூடு மேலேயே போய்விடும். மண்ணைச் சமன்செய்து, நனைத்து, முரசுத் தோல்போல் இழுத்து, ஓரங்களைப் புதைத்தால் 5 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 3 டிகிரி கூடும். கண்ணாடிபோன்ற ஷீட் அதைவிட அதிகம் சூடேற்றும். ஆனால் களையும் அடியில் குளிர்காய்ந்து வளர்ந்து ஷீட்டையே தூக்கிவிடும். களையெடுக்க நேரமில்லாதவர் கறுப்போடு நிற்கலாம்.

விரிப்பு மட்டும் போதாது. ஜூன் முதல் வாரம் 10 செ.மீ. ஆழத்தில் மண் 18 டிகிரியைத் தொட்டபின் நட்டு, கம்பி வளைவுகளின் மேல் தோட்டத்துணியை (குளிர் தடுக்கும் மெல்லிய துணி) போர்த்த வேண்டும். பெண் பூ (அடியில் குண்டுமணிபோல் பிஞ்சு தெரியும்) விரிந்ததும் பகலில் துணியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தேனீ வராது, பிஞ்சு மஞ்சளித்து உதிரும்.

கண்ணாடிக் குடிலிலும் பாலித்தீன் குடிலிலும் மே கடைசியிலேயே நடலாம். அந்தச் சில நாட்கள் கடைசியில் பழத்தின் இனிப்பில் தெரியும். கொடியைக் கயிற்றில் ஏற்றி, பழத்தை வலைப்பையில் தொங்கவிட்டால் சதுர மீட்டருக்கு ஒரு செடி அடங்கும். ஆனால் குடிலுக்குள் வேலை அதிகம். தேனீ வராத நாளில் காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும். உச்சி வெயிலில் கதவைத் திறக்க மறந்தால் உள்ளே 38 டிகிரி தாண்டும், மகரந்தம் வீணாகும். உலர்ந்த சூட்டுக்குச் செஞ்சிலந்திப் பேனும் (இலைச்சாற்றை உறிஞ்சுவது) வந்து சேரும்.

எந்த வழியிலும் செடிக்கு இரண்டு காய் போதும். ஜூலைக்குப் பிறகு பிடித்ததைக் கிள்ளிவிடலாம்: பிஞ்சு பழுக்க இங்கே 45 நாளுக்கு மேலாகும், செப்டம்பர் வெயில் அதற்குப் போதாது.

ரகத்தில் சுகர் பேபியைவிட பிளாக்டெயில் மவுண்டன் பொருத்தம். அமெரிக்காவின் ஐடஹோவில், இரவு குளிரும் மலைப்பகுதியில், கிளென் டிரவுன்ஸ் உருவாக்கியது அது. விதைப்பையில் போட்டிருக்கும் 70, 75 நாள் கணக்கை நம்ப வேண்டாம். இங்கே இரண்டு, மூன்று வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பூசணி வேரில் ஒட்டிய நாற்று கிடைத்தால் ரகத்தைப் பற்றிய கவலையே பாதி குறையும். ஜப்பானில் 1920களின் கடைசியில் வாடல் நோய்க்காகத் தொடங்கிய ஒட்டுமுறை இது. பூசணி வேர் குளிர்ந்த மண்ணிலும் நீரை இழுக்கும். ஒட்டிய இடம் மட்டும் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். புதைந்தால் தர்ப்பூசணித் தண்டே சொந்தமாக வேர்விடும், காசு வீண்.

இங்கிலாந்தின் தெற்கில், தென்பார்த்த சுவரோரம் கிடைத்தால், கறுப்பு விரிப்போடு முயலலாம். நல்ல கோடையில் செடிக்கு ஒரு சின்னப் பழமாவது தேறும். ஸ்காட்லாந்தில் குடில் இல்லாமல் விதை வாங்கவே வேண்டாம். பறிக்கும்போது அவசரம் கூடாது: காம்புக்கு அருகிலுள்ள பற்றுச்சுருள் காய்ந்து, பழம் தரையில் படிந்த இடத்திலுள்ள வெள்ளைத் திட்டு வெண்ணெய் மஞ்சளாக வேண்டும். கொடியிலிருந்து பிரிந்த தர்ப்பூசணியில் அதற்குமேல் இனிப்பு ஏறாது.