கோ சாமுய் விமான நிலையம்: ஏழு வருடம் போய்வந்தவனின் அனுபவம்

வேலை பாங்காக்கில். கோ சாமுய் தீவு ஹோட்டல்களில் சமையலறை ஃப்ரீசர் பழுதானால் கூப்பிடுவது எங்களைத்தான், அதனால் கொரோனா காலம் நீங்கலாக ஏழு வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது இந்த விமான நிலையத்தில் இறங்கி ஏறுகிறேன்.

முதலில் காசு. இது அரசாங்கத்தின் விமான நிலையம் இல்லை. பாங்காக் ஏர்வேஸ் என்ற தனியார் விமான நிறுவனம் தென்னந்தோப்புக்கு நடுவே தானே கட்டி 1989-ல் திறந்தது. ஓடுதளம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், பெரிய விமானம் இறங்க வழியில்லை, ஒரு நாளைக்கு இத்தனை விமானம்தான் என்று உச்சவரம்பு வேறு. வருகிற கூட்டமோ உலகம் முழுக்க இருந்து. டிக்கெட் எப்படி மலிவாக இருக்கும்? ஒரு மணி நேரப் பயணத்துக்கு நான் கொடுத்த காசில் சில சமயம் சென்னைக்கே போயிருக்கலாம்.

மாற்று வழி உண்டு. தீவுக்கு எதிரே தாய்லாந்து நிலப்பகுதியில் இருக்கும் சூரத் தானி வரை மலிவு விமானம், அங்கிருந்து பஸ், டோன்சாக் படகுத் துறையில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் படகு. முதல் வருடம் இரண்டு முறை அப்படிப் போனேன். காலையில் கிளம்பி, டூல் பையைத் தூக்கிக்கொண்டு மாலையில் போய்ச் சேர்ந்து, அதற்குப் பிறகு ஃப்ரீசரைத் திறக்கத் தெம்பு எங்கே இருக்கிறது?

சரி, இடம் எப்படி? கட்டடத்துக்குச் சுவர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஓலைக் கூரை, மின்விசிறி, நாலா பக்கமும் செடிகொடி. விமானத்திலிருந்து இறங்கினால் பக்கங்கள் திறந்த ட்ராம் மாதிரி ஒரு வண்டி, பொருட்காட்சியில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவார்களே, அது மாதிரி. ஆண்கள் கழிப்பறையில் சிறுநீர் கழிக்கும் இடத்துக்கு நேர் எதிரே மீன் தொட்டி. முதல் தடவை கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, அந்த மீன்கள் நம்மையே பார்க்கிற மாதிரி. புறப்பாட்டில் இலவசமாகக் கிடைக்கும் காவ் தொம் மத் விடக் கூடாத ஒன்று: தேங்காய்ப்பாலில் வெந்த ஒட்டரிசி, நடுவே வாழைப்பழம், எல்லாம் வாழையிலைப் பொட்டலத்தில். பிரித்ததும் வருகிற வாசனை அப்படியே நம் ஊர் இலை அடை. நான் இரண்டு எடுப்பேன், யாரும் கேட்டதில்லை.

ஆனால் ஏப்ரல் மதியம் அதே கூரைக்கடியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நவம்பர் இன்னும் மோசம். மேற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கும் புக்கெட்டில் வெயில் அடிக்கும்போது இங்கே மழை கொட்டும், நம் சென்னை மாதிரியே வடகிழக்குப் பருவம். அந்த மாதத்தில் அன்றே திரும்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். 2009 ஆகஸ்டில் மோசமான வானிலையில் இறங்கிய ஒரு ஏடிஆர் (ப்ரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம்) சறுக்கிப் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் மோதி விமானி இறந்துபோனார். அது தெரிந்தபிறகு தாமதம் என்று அறிவித்தால் நான் முணுமுணுப்பதில்லை.

வெளியே வந்தால் டாக்ஸிக்காரர் மீட்டர் போடமாட்டார், பேரம்தான். ஹோட்டல் வேனை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதையும் ஒருமுறை நம்பி, வரவே வராமல், ஒன்றரை மணி நேரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

ஏடிஆர் என்றால் பின்வரிசை கேளுங்கள். கதவு பின்னால்தான், முதலில் இறங்கலாம். இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலில் கடல் மறைக்காது.