‘சிங்க் செய்தாச்சு’ என்று பில் வந்ததா? முதலில் வேக்கம் மூடியைப் பாருங்கள்

நான்கு சிலிண்டர், நான்கு கார்ப் (கார்புரேட்டர்) உள்ள பைக். ஐடிலிங் ஏறி இறங்குகிறது, நின்றால் ஆஃப் ஆகிறது என்று பட்டறையில் விட்டதற்கு ‘கார்ப் கிளீனிங், அல்ட்ராசானிக் வாஷ், சிங்க்’ என்று மூன்று வரி பில். அல்ட்ராசானிக் வாஷ் என்றால் கார்பைப் பிரித்து ஒலி அலைத் தொட்டியில் கழுவுவது; சிங்க் என்றால் நான்கு கார்பையும் ஒரே அளவாகச் சமப்படுத்துவது. திரும்பி வந்த வண்டி ஆஃப் ஆகவில்லை, உண்மைதான். ஆனால் ஐடிலிங் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் நிற்கிறது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் 3,000-இல் தொங்கிக்கொண்டு நிதானமாக இறங்குகிறது. கேட்டால், “கொஞ்சம் ஓட்டுங்க, செட் ஆயிடும்” என்று பதில். ஆகாது. தப்பாகத் திருப்பிய ஸ்க்ரூ ஓட ஓடத் தானாகத் திரும்பிக்கொள்ளாது.

சிங்க் கண்ணுக்குத் தெரியாத வேலை, அதனால்தான் ஏமாற்ற வசதி. ஆனாலும் தடயம் விட்டுத்தான் போகும். டேங்கைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு சிலிண்டரின் இன்டேக் பக்கமும் இருக்கும் வேக்கம் முனை (எஞ்சின் இழுக்கும் உறிஞ்சலை அளக்கும் இடம்). அதை ஒரு சிறிய ரப்பர் மூடியோ ஸ்க்ரூவோ அடைத்திருக்கும். சிங்க் செய்ய வேக்கம் கேஜ் மாட்ட அதைக் கழற்றியே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. இந்த வண்டியில் நான்கு மூடியிலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய படலம் அப்படியே இருந்தது. சிங்க் ஸ்க்ரூவில் கம்பெனி வைத்த பெயின்ட் புள்ளியும் உடையவில்லை. அல்ட்ராசானிக் வாஷ் கதையும் இப்படித்தான். ஃப்ளோட் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பழுப்பு நிறக் கசடு வருகிறது. கிண்ணத்தைத் திறக்கவே இல்லை.

அப்படியானால் என்னதான் செய்தார்கள்? வெளியிலிருந்து எட்டும் பைலட் ஸ்க்ரூ நான்கையும் கழற்றி, துளைக்குள் ஸ்ப்ரே அடித்து, காதால் கேட்டுத் திருப்பியிருக்கிறார்கள். பிறகு ஐடிலிங் குமிழைத் திருகி வேகத்தை ஏற்றிவிட்டார்கள். ஆஃப் ஆவது நின்றதன் ரகசியம் இவ்வளவுதான். மெதுவாக அடி வரை திருப்பி எண்ணிப் பார்த்தால் நான்கும் நான்கு விதம்: 1, 3, 3¼, 4 சுற்று. பெரும்பாலான வண்டிகளில் 1½ முதல் 2½ சுற்றுக்குள் வரும். உங்கள் வண்டியின் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

பைலட் ஸ்க்ரூ வேறு, சிங்க் ஸ்க்ரூ வேறு. முன்னது ஐடிலிங்கில் பெட்ரோல் கலவையைத் தீர்மானிக்கிறது. பின்னது நான்கு பட்டர்ஃப்ளையும் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) ஒரே அளவு திறந்திருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. முன்னதைத் திருப்பிவிட்டு ‘சிங்க்’ என்று எழுதினால் அது சுத்தப் பொய்.

மூன்றாவது கார்பின் பைலட் ஸ்க்ரூவில் வாஷரும் ஓ-ரிங்கும் இல்லை. ஸ்க்ரூவில் முதலில் ஸ்ப்ரிங், அடுத்து வாஷர், கூர்முனைப் பக்கம் கடைசியாக ஓ-ரிங் என்பதுதான் வரிசை. கழற்றும்போது வாஷரும் ஓ-ரிங்கும் பல நேரம் துளைக்குள்ளேயே ஒட்டி நின்றுவிடும். அந்த நிலையில் ஸ்ப்ரே அடித்தால் ரப்பர் உப்பும் அல்லது பறந்துபோகும். ஓ-ரிங் இல்லாத இடத்தில் காற்று புகுந்து கலவை மெலியும், வேகம் தொங்கும். ஸ்க்ரூவை அடியில் இறுக்கி முறுக்கியிருந்தால் கூர்முனையில் வளையத் தழும்பு விழும். சில சமயம் முனையே ஒடிந்து துளைக்குள் சிக்கிக்கொள்ளும், பிறகு அந்தக் கார்பே போச்சு. எனவே வண்டியைத் திரும்ப வாங்கும்போது ஒரு பைலட் ஸ்க்ரூவையாவது உங்கள் முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

சரியாகச் செய்யும் முறைக்கு வருவோம். கேஜை எடுப்பதற்கு முன் டேப்பட் (வால்வு இடைவெளி) பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இந்த வண்டியில் கேஜ் மாட்டியபோது 1, 2, 4 சிலிண்டர்களில் 23, 24 செ.மீ. பாதரச அளவு, மூன்றில் மட்டும் 17. சிங்க் ஸ்க்ரூவைத் திருப்பினால் அதையும் 23-க்குக் கொண்டுவந்துவிடலாம், எண் அழகாக இருக்கும். காரணமோ வேறு. அந்தச் சிலிண்டரின் இன்டேக் டேப்பட் இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தது. வால்வு முழுதாக மூடாவிட்டால் வேக்கம் குறையத்தான் செய்யும். அதன் மேல் சிங்க் செய்தால் நோயை மறைத்ததாகும், வால்வு கருகும் வரை தெரியாது. டேப்பட், பிளக், கம்ப்ரெஷன் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் கேஜ். இன்டேக் ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, வண்டி ஓடும்போது அதன் மேல் தண்ணீர் தெளித்தால் போதும். ஐடிலிங் மாறினால் அங்கே ஓட்டை. இதற்கு எரியும் ஸ்ப்ரே வேண்டாம், பக்கத்திலேயே சூடான எஞ்சின் இருக்கிறது.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய அறையில் புகை உயிருக்கே ஆபத்து. எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். காற்றில் குளிரும் எஞ்சினானால் முன்னால் ஒரு மின்விசிறி வையுங்கள், அப்போதும் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க வைத்து ஓட்டாதீர்கள். டேங்குக்குப் பதிலாகக் குழாய் செருகிய சிறு பாட்டிலை கார்புக்கு மேலே தொங்கவிடலாம். 250 மி.லி. பெட்ரோல் தாராளம். வேக்கத்தில் திறக்கும் பெட்காக் (டேங்கின் பெட்ரோல் டேப்) என்றால் அதற்குப் போகும் மெல்லிய குழாயை அடைத்துவிட வேண்டும். திறந்து விட்டால் அந்தச் சிலிண்டர் பொய் எண் காட்டும். ஏர் ஃபில்டர் பெட்டியும் மாட்டியே இருக்க வேண்டும்.

கேஜுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை முதலில் ஒரே முனையில் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். மலிவான முள் கேஜில் 2 செ.மீ. வித்தியாசம் சாதாரணம். சரிசெய்ய வேண்டிய வித்தியாசமே அவ்வளவுதான் என்பதால் இந்தச் சோதனை இல்லாமல் மொத்த வேலையும் வீண். முள் துடித்தால் குழாயின் நடுவே சிறு துளையுள்ள அடைப்பு வைக்க வேண்டும்.

இரண்டு சிலிண்டர் வண்டிக்குக் கேஜே வேண்டாம். நீளமான ஒளிபுகும் குழாயை ஒரு பலகையில் U வடிவில் கட்டி, கீழ்ப்பகுதியில் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரு முனையையும் இரு வேக்கம் முனையில் மாட்டினால் போதும். பாதரசத்தில் 1 செ.மீ. என்பது ஆயிலில் ஏறக்குறைய 15 செ.மீ., அதனால் மிக நுட்பமாகக் காட்டும். அதே காரணத்தால் ஆபத்தும் உண்டு. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஆயில் சர்ரென்று ஏறி எஞ்சினுக்குள் போய்விடும். குழாயின் இரு காலும் ஒரு மீட்டருக்கு மேல் உயரம் இருக்கட்டும், கை கில் ஸ்விட்சிலேயே (எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்) இருக்கட்டும். ஆயில் ஏறும் பக்கத்துப் பட்டர்ஃப்ளை அதிகம் மூடியிருக்கிறது, அதைச் சற்றே திறக்க வேண்டும். பாதரசம் ஊற்றிய பழைய மேனோமீட்டர் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அந்த ஆவி விஷம்.

வரிசையாக நான்கு கார்ப் உள்ள வண்டியில் பொதுவாக ஒன்றையும் இரண்டையும் முதலில் சமப்படுத்துவார்கள், அடுத்து மூன்றையும் நான்கையும், கடைசியாக நடு ஸ்க்ரூவால் இந்த இரு ஜோடியையும். சில வண்டிகளில் ஸ்க்ரூ இல்லாத ஒரு கார்ப் இருக்கும், மற்ற மூன்றையும் அதற்கு ஒப்ப வைக்க வேண்டும். ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகவே தொடுங்கள். ஒவ்வொரு முறையும் கையை எடுத்து, ஒரு தடவை ரேஸ் கொடுத்து, அடங்கிய பிறகு எண்ணைப் படியுங்கள். ஸ்க்ரூடிரைவர் அழுத்தத்திலேயே எண் மாறும், லாக் நட்டை இறுக்கும்போது இன்னொரு முறை மாறும். இடையில் ஐடிலிங் ஏறினால் குமிழால் மேனுவல் சொல்லும் வேகத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். மேனுவலைப் பொறுத்து 1 முதல் 4 செ.மீ. வரை வித்தியாசம் அனுமதி, 2-க்குள் வந்தால் நிறுத்திவிடலாம். நான்கு முள்ளும் துல்லியமாக ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்று மணிக்கணக்கில் மல்லுக்கட்டினால் எஞ்சின்தான் கொதிக்கும்.

பட்டறையில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால், டேப்பட் இடைவெளிகளையும் சிங்குக்கு முன்னும் பின்னும் நான்கு சிலிண்டரின் எண்களையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கேஜ் மாட்டியவருக்கு அது அரை நிமிட வேலை. வண்டியை விடும் முன் வேக்கம் மூடிகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் வெடித்த ரப்பர் மூடிகளைப் புதிதாக மாற்றுங்கள். ஸ்க்ரூ மூடியானால் வாஷரோடு போடுங்கள். பெட்காக்கை ‘பிரைம்’ நிலையில் (எஞ்சின் நின்றாலும் பெட்ரோல் ஓடும்) வைத்து வேலை பார்த்திருந்தால் ‘ஆன்’ நிலைக்குத் திருப்ப மறக்கக் கூடாது. மறந்துவிட்டு, கார்புக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசியும் தேய்ந்திருந்தால் இரவோடு இரவாகப் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். காலையில் ஆயில் மட்டம் கூடியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஊசியைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.