வராத மருந்துக்கு அட்வான்ஸ் கேட்டார்கள்

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 37. எங்கள் அப்பாருக்கு வழுக்கை, அப்பாவுக்கு வழுக்கை, அம்மா வழி மாமன்கள் மூன்று பேருக்கும் வழுக்கை. அதனால் நெற்றி மேலே ஏறியபோது பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் 2025 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், குளித்துவிட்டுத் துண்டை உதறினால் முடி கொத்தாக வந்தது. வெள்ளைத் தலையணை உறையில் கிடந்ததை என் மனைவி எண்ணவே ஆரம்பித்துவிட்டாள். ஆத்தா பார்த்துவிட்டு, "ஷாம்புவ உட்டுட்டு அரப்பு போடு சாமி, மொதல்ல பழனிக்குப் போயி ஒரு மொட்டை அடி" என்றார். மொட்டை அடித்தேன். திரும்ப முளைத்த முடி முனை மழுங்கியிருப்பதால் கொஞ்ச நாள் அடர்த்தியாகத் தெரிந்ததே தவிர, ஒரு முடி கூடவில்லை. முருகன் மேல் குறை சொல்லவில்லை, வேர் எத்தனையோ அத்தனைதான் முளைக்கும்.

அப்புறம்தான் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு முடி கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏசி, தோல் சோஃபா, கண்ணாடி டம்ளரில் வெள்ளரிக்காய் மிதக்கும் தண்ணீர். பேனா அளவு கேமராவைத் தலையில் வைத்து டிவியில் காட்டினார்கள். அது மட்டும் நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பின்மண்டையில் ஒரு துளையிலிருந்து இரண்டு மூன்று முடி தடியாகக் கிளம்புகிறது. உச்சியில் ஒரு துளைக்கு ஒன்று, அதுவும் இழை மாதிரி. பின்னால் இருப்பது 30 கவுண்ட் நூல் என்றால் உச்சியில் இருப்பது 100 கவுண்ட் (கவுண்ட் கூடக் கூட நூல் மெலிசு). வழுக்கை என்பது முடி கொட்டுவது மட்டுமல்ல, முடி மெலிந்து மெலிந்து கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போவது என்று அந்த டிவியில்தான் புரிந்தது.

டாக்டர் இரண்டு நிமிடம் இருந்தார். மீதி முக்கால் மணி நேரம் கவுன்சிலர் என்று ஒரு பெண். எக்ஸோசோம் (செல்கள் வெளியே விடுகிற நுண்ணிய பொட்டலங்கள்) ஊசி, ஆறு சிட்டிங், 48,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால் 41,000, இஎம்ஐ உண்டு. "அமெரிக்காவுல கண்டுபிடிச்ச ஸ்டெம் செல் டெக்னாலஜி சார்." அந்தக் குப்பியைக் காட்டுங்கள் என்றேன். ஃபேப்ரிக் வாங்கும்போது லாட் நம்பர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை, அந்தப் பழக்கம். காட்டவில்லை. "அது கோல்டு ஸ்டோரேஜ்ல இருக்குங்க சார்." வீட்டுக்கு வந்து படித்தால், அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் எஃப்டிஏ எந்த எக்ஸோசோம் பொருளுக்கும் இதுவரை அனுமதியே கொடுக்கவில்லை. கண்டுபிடித்ததாகச் சொன்ன ஊரிலேயே கதை அப்படி.

அடுத்த மாதம் ஈரோட்டில், மச்சான் சொன்ன ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி, ஃபீஸ் 300. அவர் கேட்ட முதல் கேள்வி தலையைப் பற்றியே இல்லை. "கண்ணு, முடி கொட்ட ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் கீச்சல் வந்துச்சா?" அக்டோபரில் டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

விஷயம் இதுதான். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். ஒவ்வொன்றும் சில வருஷம் வளரும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிரும், அதே இடத்தில் புதிதாக முளைக்கும். தினம் ஐம்பதிலிருந்து நூறு உதிர்வது வழக்கம்தான். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன் என்று உடம்பு அதிர்ந்தால் ஏராளமான முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று, திரும்ப முளைத்துவிடும். ஆக, பொங்கலுக்கு எனக்குக் கொட்டியதில் பெரும்பகுதி டெங்கு முடி. நான் 41,000 கட்டியிருந்தால் அந்த முடி எப்படியும் முளைத்திருக்கும், கிளினிக் சுவரில் 'முன், பின்' போட்டோவில் நானும் சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன். அந்தச் சுவரில் இருக்கிற மற்றவர்களில் எத்தனை பேருக்கு அப்படி என்று இப்போது யோசிக்கிறேன்.

உச்சியில் மெலிந்தது வேறு கணக்கு. அது டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோன் வேலை. அதற்கு அவர் எழுதியவை இரண்டும் பழைய சரக்கு. மினாக்ஸிடில் ரத்தக் கொதிப்புக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்து, தலையில் தடவும் திரவமாக்கி 1988-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். ஃபினாஸ்டரைடு 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது. அதையே ஐந்தில் ஒரு பங்கு, ஒரு மில்லிகிராமாக்கி, 1997-இல் வழுக்கைக்கு. அதற்கப்புறம் ஆண்களின் வழுக்கைக்குப் புது வழியில் வேலை செய்யும் மருந்து எதற்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. நான் பிறந்த காலத்து மருந்தைத்தான் இன்றைக்கும் தடவுகிறேன்.

பதினாலு மாதம் உபயோகித்த பிறகு என் கணக்கைச் சொல்கிறேன். மினாக்ஸிடில் 5 சதவீதம், காலை ஒரு மில்லி, இரவு ஒரு மில்லி. பாட்டில் ஒரு மாதம் வரும், விலை 700 ரூபாய் சுமார். டிராப்பர் உருப்படியில்லை. மூன்றாவது பாட்டிலில் ரப்பர் விட்டுப்போய், சொட்டு முன்னாலேயே நெற்றியில் வழிந்தது. தடவிய இடம் பிசுபிசுவென்று இருக்கும், ஹெல்மெட் போட்டால் அரிக்கும். முதல் மாதம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டியது. டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் பாட்டிலைச் சாக்கடையில் எறிந்திருப்பேன். ஓய்வில் இருக்கும் பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதுசு கிளம்புவதால் அப்படியாம். நிறையப் பேர் அந்த மாதத்தில்தான் விடுகிறார்கள். இன்னொன்று, வீட்டில் பூனை இருந்தால் ஜாக்கிரதை. பூனைக்கு மினாக்ஸிடில் விஷம், தலையணையை நக்கினாலே ஆபத்து. எங்கள் வீட்டுப் பூனைக்கு இப்போது படுக்கையறையில் இடமில்லை, அதற்காக அது என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஃபினாஸ்டரைடு கொடுப்பதற்கு முன் டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தாம்பத்ய விஷயமாக வரக்கூடிய பக்கவிளைவுகளை நேராகவே சொன்னார். சிலருக்கு வரும், மனச்சோர்வும் வரலாம், வந்தால் உடனே வந்து பார். கர்ப்பமாக இருக்கிற பெண் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்பதையும் சொன்னார். கிளினிக்கில் அந்த முக்கால் மணி நேரத்தில் பக்கவிளைவு என்ற வார்த்தையே வரவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை.

பலன்? டெங்கு முடி தானாக வந்தது, அதை மருந்துக்கு வரவு வைக்க மாட்டேன். உச்சியில் மெலிந்தது கொஞ்சம் தடித்திருக்கிறது. முடி வெட்டுகிற அண்ணன் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டும்போது, போன வருஷம் தெரிந்த தோல் இந்த வருஷம் அவ்வளவாகத் தெரியவில்லை. நெற்றி ஏறியது ஏறியதுதான். நிறுத்தினால் சில மாதத்தில் பழைய நிலைக்கே போய்விடும், அதனால் இது மாதாமாதம் கட்டும் கேபிள் பில் மாதிரி.

சரி, இந்த பில் கட்டுவதிலிருந்து விடுதலை எப்போது என்று இரவில் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை தருவது இரண்டு. ஒன்று கிளாஸ்கோடெரோன். ஃபினாஸ்டரைடு உடம்பு முழுக்க டிஹெச்டியைக் குறைக்கிறது. இது தலையில் தடவுகிற இடத்திலேயே, ஹார்மோன் வந்து உட்காரும் நாற்காலியில் துண்டைப் போட்டு வைக்கிற ஆள். ரத்தத்துக்குள் போனதும் சீக்கிரம் சிதைந்துவிடுவதால் மற்ற இடங்களில் வம்பு குறைவு. இதே மருந்து 1 சதவீத கிரீமாக 2020-இலேயே முகப்பருவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழுக்கைக்கு 5 சதவீதத் திரவம். காஸ்மோ என்ற கம்பெனி 2025 டிசம்பரில், அனுமதி கேட்பதற்கு முந்தின மூன்றாம் கட்டச் சோதனைகள் இரண்டின் முடிவை அறிவித்தது. மொத்தம் 1,465 ஆண்கள். மருந்தே கலக்காத வெற்றுத் திரவம் தடவியவர்களைவிட ஒரு சோதனையில் 539 சதவீதம், மற்றொன்றில் 168 சதவீதம் கூடுதல் முன்னேற்றம் என்றார்கள்.

539-ஐப் பார்த்ததும் எங்கள் லைன் சூப்பர்வைசர் ஞாபகம் வந்தார். ஒரு ஷிஃப்ட்டில் ஒரே பீஸ் தைத்தவன் ஆறு பீஸ் தைத்தால் 500 சதவீதம் கூடுதல்தான், ஆனால் கையில் இருப்பது ஆறு பீஸ். வெற்றுத் திரவக்காரர்களுக்கு முளைத்ததே அற்பம் என்றால் அதன்மேல் எத்தனை சதவீதம் போட்டாலும் பெரிதாகத் தெரியும். ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை முடி கூடியது, அதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

இரண்டாவது பிபி405. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து ஆராய்ச்சியிலிருந்து வந்தது, பெலாஜ் என்ற கம்பெனி சோதனையை நடத்துகிறது. இது ஹார்மோன் பக்கமே போகவில்லை. முடிவேரில் தூங்கிக்கொண்டிருக்கும் ஸ்டெம் செல்லின் (புது முடியை உண்டாக்கும் மூல செல்) எரிபொருள் வழியை அடைத்து, உள்ளே லாக்டேட் என்ற பொருள் கூடும்படி செய்து எழுப்புகிறது. 2025-இல் வந்த இரண்டாம் கட்ட முடிவில் 78 பேர். முடி அதிகம் போன ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு எட்டாவது வாரத்தில் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியது, வெற்று மருந்துக்காரர்களில் ஒருவருக்கும் இல்லை. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 78 பேர் என்பது எங்கள் கம்பெனியில் ஒரு லைன் ஆட்கள். மூன்றாம் கட்டத்தில் கவிழ்ந்த மருந்துகளும் உண்டு. கிண்டார் என்ற கம்பெனியின் பைரிலுட்டமைடு மேல் பலரும் கண் வைத்திருந்தார்கள். 2023-இல் சீனாவில் மூன்றாம் கட்டத்தில் வெற்று மருந்தைவிடக் குறிப்பிடும்படி எதுவும் காட்டவில்லை.

புழுவெட்டு மட்டும் தனி. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வட்ட வட்டமாக விழுவது. எங்கள் யூனிட்டில் ஒரு பையன் சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். அதற்கு உண்மையிலேயே புது மருந்துகள் வந்துவிட்டன, 2022-இல் பாரிசிட்டினிப், 2023-இல் ரிட்லெசிட்டினிப். கடுமையாக விழுந்தவர்களுக்கு, டாக்டர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனையோடு. ஆனால் இது நம் பரம்பரை வழுக்கைக்கு ஆகாது. முழுத்தலையும் முளைத்த போட்டோவை யாராவது அனுப்பினால் அது புழுவெட்டா என்று முதலில் கேளுங்கள்.

கிளாஸ்கோடெரோன் பற்றிய அந்த டிசம்பர் செய்தி வந்து பத்து நாள் இருக்கும், கிளினிக்கிலிருந்து போன். அதே பெண். "சார், நியூஸ் பார்த்தீங்களா? அந்தப் புது மருந்து வந்துருச்சு. ஸ்லாட் பத்துதான், 5,000 அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு ஃபர்ஸ்ட்." சோதனை முடிவுதான் வந்திருக்கிறது, அனுமதிக்கு விண்ணப்பமே இனிமேல்தான், நீங்கள் எந்த மருந்துக்கு அட்வான்ஸ் வாங்குகிறீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதே மாதிரி எஃபெக்ட் வர்ற சீரம் சார்." பாவம், அவளுக்கும் மாதக் கடைசியில் டார்கெட் இருக்கும்.

கிளினிக்குக்கு கேமராவுக்காக ஒரு ஸ்டார். மினாக்ஸிடிலுக்கு மூன்றரை, டிராப்பரைச் சரிசெய்தால் நாலு. டாக்டரம்மாவுக்கு ஐந்தும் கொடுப்பேன், ஆனால் பத்து மணி என்றால் பதினொன்றரைக்குத்தான் வருகிறார். டோக்கன் காலை ஏழரைக்கே தீர்ந்துவிடும், முன்னாலேயே ஆள் அனுப்பிப் போட்டு வையுங்கள். வண்டி நிறுத்த இடமில்லை, பக்கத்து மஞ்சள் மண்டிக்காரர் கத்துவார். செவ்வாய்க்கிழமை லீவு.