பரணிலிருந்து இறக்கிய ஆல்பம்: எது நீடித்து உழைக்கிறது, எது காலை வாருகிறது

சின்ன வயதில் சேர்த்த தபால்தலை ஆல்பத்தைப் பல வருடம் கழித்து இறக்கியதும் பலரும் செய்வது இரண்டு காரியம். எவ்வளவு விலை போகும் என்று தேடுவார்கள். கூடவே புதிதாக நாலு செட் வாங்குவார்கள். இரண்டையும் ஒரு மாதம் தள்ளிப்போடுவது நல்லது. முதலில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மூடி வைத்த ஆல்பத்துக்கு முதல் எதிரி ஈரக்காற்று. மற்ற கெடுதல்களில் பாதி அதன் வழியாகத்தான் வருகிறது.

முதலில் தலைகளின் பல்லோரங்களைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி இருந்தால் அது சேகரிப்பாளர்கள் ‘ரஸ்ட்’ என்று சொல்வது. பெரும்பாலும் பூஞ்சை வேலை; பக்கத்துத் தலைக்கும் பரவும். அப்படிப்பட்டவற்றை உடனே தனி உறையில் பிரித்து வையுங்கள். அவை ஒட்டியிருந்த பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிளீச்சிங் வைத்தியமெல்லாம் வேண்டாம். புள்ளி மங்கும், கூடவே நிறமும் மங்கும். பசையுள்ள தலையாக இருந்தால் பசையும் போகும்.

அடுத்தது, எதை வைத்து ஒட்டியிருக்கிறது என்பது. சோற்றுப்பருக்கையாலோ மைதாப் பசையாலோ ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம்தான். தண்ணீரில் அரை மணி நேரத்தில் விட்டுவிடும். வெள்ளைப் பசை காய்ந்தால் முழுதாகக் கரையாது; இளகும்போது மெல்ல உரித்தெடுக்க வேண்டும். செல்லோடேப் போட்டிருந்தால் நாடா உரிந்தாலும் மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கியிருக்கும், அது போகாது. காந்த ஆல்பம் என்று போட்டோவுக்கு விற்பார்களே, பசைத்தாளும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ளது, அதில் வைத்தவை பாடு இன்னும் மோசம்.

உறைத்துண்டோடு இருக்கும் பயன்படுத்திய தலைகளை ஊறவைத்து எடுப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் அதிகம் பாழாவது இங்கேதான். தலையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தாள் விட்டு வெட்டுங்கள். சிவப்பு, காக்கி போன்ற வண்ண உறைகளின் துண்டுகளைத் தனியாகப் பிரியுங்கள். அவற்றின் சாயம் இறங்கி மற்ற தலைகளில் ஏறிவிடும். அகலமான தட்டில் சாதாரணத் தண்ணீர், படம் மேலே பார்த்தபடி, ஒரு தடவைக்கு இருபது முப்பது தலை போதும். பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில் தானாக வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லையென்றால் காத்திருங்கள், இழுக்காதீர்கள். பிறகு புதுத் தண்ணீரில் ஒரு அலசு. இதைத் தவிர்த்தால் மிச்சப் பசை உலரும்போது அடித்தாளோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளை பிளாட்டிங் தாளில் படம் கீழே இருக்கும்படி உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு பிளாட்டிங் தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தால் ஒரு ராத்திரி அழுத்தி வையுங்கள். செய்தித்தாள் கூடாது, மை ஏறும். புள்ளி புள்ளியாக அச்சழுத்திய சமையலறை டிஷ்யூவும் கூடாது. அந்தப் புள்ளி தலையில் அப்படியே பதியும்.

ஊறவே வைக்கக் கூடாதவையும் உண்டு. 2006-இல் வந்த சந்தன மணத் தலை, 2007-இல் வந்த ரோஜா, 2011-இல் கதர்த் துணியில் அச்சிட்ட காந்தி தலை. இவற்றை உறையோடோ மின்டாகவோதான் (தபாலில் பயன்படுத்தாத புதுத் தலையாக) வைத்துக்கொள்ள வேண்டும். லண்டன் டி லா ரூ நிறுவனம் பிரிட்டிஷ் காலனிகளுக்கு அச்சடித்த பழைய தலைகளில் ஊதாவும் பச்சையும் கரைகிற மையில் வந்தவை உண்டு. முத்திரையைச் சுரண்டி மறுபடி ஒட்டும் திருட்டைத் தடுக்க வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். மலேயா, இலங்கைத் தலைகள் இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் சமீபகால ஸ்டிக்கர் தலைகள் பல தண்ணீருக்கு மசிவதில்லை. ஐந்து மில்லிமீட்டர் தாள் விட்டு வெட்டி அப்படியே வையுங்கள்.

1960-க்கு முந்தைய உறை முழுதாக இருந்தால் கத்திரிக்கோலையே எடுக்காதீர்கள். இரண்டாம் உலகப்போர்த் தணிக்கை முத்திரை, ரயில் தபால் முத்திரை, குறைக்கட்டணக் குறி என்று உறையில் இருப்பதன் மதிப்பு பல சமயம் தலையைவிட அதிகம்.

மின்ட் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது நம் ஊர் ஆல்பங்களில் சகஜம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அடியில் ஈரப் பஞ்சு, அதன்மேல் தண்ணீர் படாதபடி ஒரு பிளாஸ்டிக் வலை. வலைமேல் தலையை வைத்து மூடி, அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பசை இளகிப் பிரியும். பசை பழைய வழவழப்போடு இருக்காது, அந்த அளவுக்கு விலை இறங்கும். ஆனால் தலை பிழைக்கும். மூடியில் கோர்க்கும் நீர்த்துளி சொட்டாமல் டப்பாவைச் சற்றுச் சாய்த்து வைப்பது முக்கியம்.

இனி சாமான்கள். ஸ்டாக்புக்கில், அதாவது தலைகளைச் செருகிவைக்கப் பட்டைகள் உள்ள புத்தகத்தில், காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிவானவற்றின் பிவிசி உறையும் பட்டையும் இரண்டு மூன்று கோடை தாண்டியதும் எண்ணெய் பிசுக்குப் பிசுக்கென்று வியர்க்கும். அந்தப் பிசுக்கு மையைக் கரைத்து, தலையின் நிழலைப் பட்டையில் பதித்துவிடும். அமிலமற்ற தாள், பட்டைக்கு பாலியெஸ்டர் அல்லது கிளாசின் (வழவழப்பான மெல்லிய தாள்), பக்கங்களுக்கு நடுவே இடைத்தாள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்புப் பக்கம் பல்வரிசையைத் தெளிவாகக் காட்டும். புத்தகங்களை நிறுத்தி வையுங்கள். அடுக்கினால் அடியிலிருக்கும் புத்தகத்தில் பாரம் இறங்கி, மின்ட் தலை பசை ஒட்டும்.

சிலிக்கா ஜெல் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் காற்றுப்புகாத டப்பாவுக்குள் மட்டும். திறந்த பீரோவில் வைத்தால் ஊர்க்காற்றையெல்லாம் உலர்த்தப் பார்த்து ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். நிறம் மாறும் ரகமாக வாங்கி, மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் திரும்பத் திரும்பப் பயன்படும். மூன்று நான்கு ஸ்டாக்புக் கொள்ளும் டப்பாவுக்கு 100 கிராம் போதும். கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி போட்டு வையுங்கள். அறுபது சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். முப்பதுக்குக் கீழே போனாலும் பசை சுருண்டு வெடிக்கும். ரசக்கற்பூர உருண்டை வேண்டவே வேண்டாம்.

இடுக்கி தட்டையான முனையுள்ளதாக இருக்கட்டும். கூர்முனை ட்வீசர் தாளைக் குத்தும். லென்ஸ் 10 எக்ஸ் போதும். ஹிஞ்ச் என்பது தலையைப் பக்கத்தில் ஒட்டும் சிறு பசைத்தாள்; அதைத் தபாலில் பயன்பட்ட தலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்டில் ஹிஞ்ச் பட்டதும் விலை சரியும். மின்டுக்குக் கறுப்புப் பின்னணி மவுண்ட்தான் (தலையைச் செருகும் பிளாஸ்டிக் உறை) சரி.

பல்லளவு (இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்பது) பார்க்கும் பெர்ஃபொரேஷன் கேஜும், நீர்க்குறி (தாளுக்குள்ளேயே பதிந்த மறைவடையாளம்) பார்க்கும் கறுப்புத் தட்டும் வீண் என்று நினைப்பவர்கள் 1957-இல் நயா பைசா வந்தபோது வெளியான இந்திய வரைபடத் தலைகளைப் பார்க்க வேண்டும். ஒரே படம், ஒரே நிறம். முதலில் வந்தவற்றில் நட்சத்திர நீர்க்குறி, 1958 முதல் வந்தவற்றில் அசோகத் தூண் சிங்க நீர்க்குறி. கண்ணுக்கு ஒன்று, கேட்டலாகில் (தலைகளின் விலைப்பட்டியல் நூலில்) இரண்டு எண். தலையைப் படம் கீழே இருக்கும்படி கறுப்புத் தட்டில் வைத்து, சிகரெட் லைட்டர் திரவம் இரண்டு சொட்டு விட்டால் தாள் கண்ணாடியாகி நீர்க்குறி கறுப்பாகத் தெரியும். ஆவியாகும் அந்தச் சில நொடியில் இன்னொன்றும் தெரியும். ஹிஞ்சைப் பிய்த்தபோது தாள் உரிந்த இடம் மற்றதைவிட முன்னதாகக் கறுத்து, கடைசியாக உலரும். வெறும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தப்பிவிடும் குறை, இதில் தப்பாது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். போட்டோகிராவூர் (செதுக்கிய உருளையால் அச்சிடும் முறை) அச்சில் சில காலத்து மைகள் இந்தத் திரவத்திலும் இளகும், ஆகவே விலை உயர்ந்த தலையில் முதல் சோதனை வேண்டாம்.

நாம் சின்ன வயதில் போற்றிய முக்கோணங்களையும் பெரிய பெரிய வண்ணப் படங்களையும் பற்றி ஒரு கசப்பான விஷயம். அஜ்மான், புஜைரா, உம் அல் குவைன், ஷார்ஜா என்று 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்தவை பெரும்பாலும் சேகரிப்பாளர்களுக்கென்றே அச்சிட்டு, அச்சகத்திலேயே முத்திரையும் போட்டு விற்றவை. மூலையில் நறுக்கென்று கால் வட்ட முத்திரை, பின்னால் பசை அப்படியே. எந்த உறையிலும் ஒட்டப்படவில்லை. விலை கிடையாது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றது.

கேட்டலாக் விலையையும் சந்தை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிப்பன்ஸ் என்ற பிரிட்டிஷ் கேட்டலாகில் மிகக் குறைந்த விலையாகப் போட்டிருப்பது பெரும்பாலும் வியாபாரி தேடி எடுத்துக் கொடுக்கும் கூலிதான். இந்தியத் தலைகளில் சாதாரணமானவை அந்த விலையில் சிறுபங்குக்கே கைமாறுகின்றன.

இப்போது எதைச் சேர்ப்பது என்ற கேள்வி. உலகம் முழுக்க என்று தொடங்குபவர்கள் ஒரு வருடத்தில் சலித்துவிடுகிறார்கள். சின்ன வட்டம் போடுங்கள். 1947 நவம்பர் 21-இல் வந்த மூன்றரை அணா ‘ஜெய்ஹிந்த்’ தேசியக்கொடித் தலையிலிருந்து அணா காலம் முடியும் 1957 வரை என்று வைத்துக்கொண்டால் அளவு கைக்குள் அடங்கும். அதில் 1948 காந்தி பத்து ரூபாய் ஒன்றுதான் பெரிய செலவு. தமிழ்நாடு சார்ந்து என்றால் 1960-இல் திருவள்ளுவரும் பாரதியும், 1962-இல் ராமானுஜன், 1972-இல் வ.உ.சி. தனித்தனியாக இவை எளிதில் கிடைக்கும். முதல்நாள் உறை (தலை வெளியான நாளின் முத்திரை உள்ளது), அந்தக் காலத்துத் தகவல் தாள், உண்மையில் தபாலில் போன உறை என்று ஆழப்போனால் வருடக்கணக்கில் வேலை இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவிதாங்கூர் அஞ்சல் சொந்த வீட்டு விஷயம். 1888 முதல் சங்குச் சின்னத்தோடு, சக்கரம் என்ற அந்தச் சமஸ்தான நாணய மதிப்பில் வந்த தலைகள் பலவும் மலிவாகவே கிடைக்கின்றன. நீர்க்குறியும் பல்லளவும் பிரித்துப் படிப்பதற்குள் தலை சுற்றும்.

அந்தக் காந்தி பத்து ரூபாயை மட்டும் விவரம் தெரிந்தவர் துணையில்லாமல் வாங்காதீர்கள். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் போட்டோகிராவூரில் அச்சானது, பல்லளவு பதினொன்றரை. போலிகள் ஏராளம். லென்ஸில் வண்ணப் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாகத் தெரிந்தால் அது ஆஃப்செட். பல் வெட்டு சொரசொரப்பாக, துளைக்குள் தாள்பிசிறு இருந்தாலும் சந்தேகம்தான். இதையெல்லாம் படித்துப் புரிந்துகொள்வதைவிட, நல்லதும் போலியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்தால் கண் பழகிவிடும். அதற்குத்தான் சங்கம்.

சங்கத்தில் சேர்வது அதிகச் செலவில்லாத முதலீடு என்று சொல்லத் தயக்கமில்லை. 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஃபிலாட்டலிஸ்ட் (தபால்தலைச் சேகரிப்பாளர்) சங்கம் சென்னையில் இயங்குகிறது. மற்ற ஊர்களிலும் நாணயமும் தபால்தலையும் சேர்ந்த சங்கங்கள் உண்டு. சேரும் முன் இரண்டு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். கூடியதும் எல்லாரும் ஸ்டாக்புக்கைத் திறந்து பேசுகிறார்களா, அல்லது நாலு பேர் விற்க மற்றவர்கள் வாங்குகிறார்களா என்பது அரை மணியில் தெரிந்துவிடும். இரண்டாவது ரகம் கூட்டமல்ல, கடை. அங்கே போகலாம், சந்தா கட்ட வேண்டியதில்லை.

போகும்போது முழு ஆல்பத்தைத் தூக்கிப் போகாதீர்கள். ஒரு சின்ன ஸ்டாக்புக்கில் டூப்ளிகேட்டுகள், ஒரு தாளில் தேவைப்பட்டியல், இடுக்கி, லென்ஸ். அடுத்தவர் புத்தகத்தில் உள்ள தலையை விரலால் தொடுவது பெரிய மரியாதைக் குறைவு, “சார், எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்டு இடுக்கியால் எடுங்கள். மாற்றிக்கொள்ளும்போது ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணிக்கை பார்க்காமல், ஒரே கேட்டலாகின் விலைக்கு விலை என்று பேசினால் மனக்கசப்பு வராது. ஏலம் நடத்தும் சங்கமானால் ஏலத்துக்கு முன்பே லாட்டை (ஏலத்துக்கு வரும் தொகுதியை) லென்ஸில் பார்த்து, உச்ச விலையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கை தூக்கும் வேகத்தில் அதைத் தாண்டுவது அனுபவஸ்தர்களுக்கும் நடக்கும்.

பொருளைவிட மனிதர்களால்தான் சங்கத்தில் லாபம். ரயில் தபால் முத்திரையை ஒரு பார்வையில் படித்துவிடும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தால் அந்தச் சங்கத்தை விடாதீர்கள். குறையும் சொல்லவேண்டும்: வயதானவர்கள் அதிகம், இளையவர்களுக்குப் பேச்சில் இடம் குறைவு, மதிப்பீடு கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார். விலை உயர்ந்ததற்கு வாய்வார்த்தை போதாது, எழுத்தில் சான்றிதழ் வேண்டும்.

புதுத் தலைகளுக்குத் தபால் துறையின் ஃபிலாட்டலி டெபாசிட் கணக்கு (முன்பணம் கட்டினால் புதுத் தலைகளை வீட்டுக்கு அனுப்புவார்கள்) 200 ரூபாயில் தொடங்கலாம். சென்னையில் அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய ஃபிலாட்டலி பீரோவில் நேரிலும் வாங்கலாம். கணக்கில் பணம் தீர்ந்தால் வரத்து நின்றுவிடும், மாதம் ஒருமுறை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நேரில் வாங்குவதே மேல். வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரிலேயே கணக்கைத் தொடங்குங்கள். தபால்தலை சேகரிக்கும் மாணவர்களுக்குத் தபால் துறை தரும் தீனதயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகைக்கு, வருடம் 6,000 ரூபாய், பள்ளி ஃபிலாட்டலி கிளப் அல்லது சொந்தக் கணக்கு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கண்காட்சி ஆசை வந்தால் ஒரு சட்டம் (தாள்களைக் காட்சிக்கு வைக்கும் ஃபிரேம்) என்பது ஏ4 அளவில் 16 தாள். டானாபெக்ஸ் போன்ற மாநிலக் கண்காட்சிக்கு ஒற்றைச் சட்டத்தில் தொடங்குவது வழக்கம். தலை ஒட்டுவதற்கு முன்பே 16 தாளுக்கும் கதைத்திட்டம் எழுதிக்கொள்ளுங்கள். இருப்பதையெல்லாம் நிரப்பிய சட்டத்துக்கு நடுவர்கள் மதிப்பெண் தருவதில்லை.

வெளியூர்ச் சேகரிப்பாளரோடு பரிமாற்றத்துக்கு: தலைகள் கிளாசின் உறையில், அதை இரண்டு அட்டைக்கு நடுவே, அட்டையைச் சுற்றி நூல். டேப் எங்கும் படக்கூடாது. மேலே சிறு பிளாஸ்டிக் உறை. 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால் இப்போது விரைவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பதன் பட்டியலையும் புகைப்படத்தையும் அனுப்பும் அன்றே எதிராளிக்குச் சொல்லிவிடுங்கள். வெளியுறையில் பழைய நினைவுத் தலைகளையே ஒட்டுங்கள். கவுண்டரில் பேனாவால் கிறுக்காமல் முத்திரை தெளிவாகக் குத்தச் சொல்லிக் கேளுங்கள், பாதி நேரம் செய்து தருவார்கள்.