ஓமன் ஆயில் ஃபீல்டுக்கு வண்டி ஓட்டப் போகிறவர்கள் முதலில் பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள்

போன வாரம் சங்ககிரியில் ஒரு டயர் கடைச் சுவரில் அந்தப் போஸ்டரை மறுபடியும் பார்த்தேன். 'ஓமன் ஆயில் ஃபீல்டு. ஹெவி டிரைவர் 40 பேர் தேவை. சம்பளம் 300 ரியால். தங்குமிடம், சாப்பாடு இலவசம்.' கீழே ஒரு செல்போன் எண். ஏஜென்சியின் பதிவு எண் எங்கேயும் இல்லை. 2024-இல் என்னை அனுப்பி வைத்த போஸ்டரிலும் இதே வரிகள், இதே செல்போன் எண். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரியாலுக்கு 200 ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. 300 ரியால் என்றதும் மனசு தானாகவே அறுபதாயிரம் என்று பெருக்கிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது.

பதினோரு வருஷம் எல்பிஜி டேங்கர் ஓட்டியவன் நான். படிப்பு எட்டாவது. பத்தாவது தேறாதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசாங்கத்தின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதற்காக இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் ஏற்றிய ஒப்பந்தத்தில் பேசிக், அதாவது படி எதுவும் சேராத அடிப்படைச் சம்பளம், 180 ரியால் என்று தெளிவாக இருந்தது. திருச்சியில் ஆள் எடுத்தவர் அதைக் காட்டி, "ஓவர்டைம், டிரிப் படி எல்லாம் சேர்ந்தா 300 தாண்டும் தம்பி" என்றார். மனைவியின் நகையை அடகு வைத்து 1,40,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு 30,000 ரூபாய்க்கு மட்டும் ஒன்று வந்தது. ஏன் அந்தத் தொகை என்று அப்போது எனக்குத் தெரியாது. பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணமே 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். மீதிக்கு ரசீது எழுதினால் அவர்களே மாட்டிக்கொள்வார்கள்.

மஸ்கட்டில் இறங்கிய மூன்றாம் நாள் ஆஃபிஸுக்குக் கூப்பிட்டார்கள். அரபியும் ஆங்கிலமுமாக நான்கு பக்கம். "இது சும்மா ஃபார்மாலிட்டி, இங்க போடுங்க, இங்க போடுங்க" என்று விரல் வைத்துக் காட்டினார்கள். போட்டேன். அந்தத் தாளில் பேசிக் 90 ரியால், டிரிப் ஒன்றுக்கு 7 ரியால். வேலை நேரம் என்ற இடத்தில் 'நிறுவனத்தின் தேவைக்கேற்ப'. இதையெல்லாம் எனக்குப் படித்துச் சொன்னவர் பக்கத்துக் கட்டில்காரர். கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் கழித்து.

அடுத்த அடி லைசென்ஸ். நம் ஊர் ஹெவி லைசென்ஸ் அங்கே செல்லாது, புதிதாக டெஸ்ட் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் அறையில் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் ஏறின நாளிலிருந்துதான் சம்பளம் என்றார்கள். லைசென்ஸ் செலவையும் பின்னால் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்கப்புறம் பாதுகாப்பு வகுப்புகள். ஹெச்டூஎஸ் என்ற விஷவாயு பற்றிய வகுப்புக்குத் தாடியை மழித்துவிட்டுத்தான் போக வேண்டும், தாடி இருந்தால் பாதுகாப்பு முகமூடி முகத்தில் ஒட்டாது. ஒன்று சொல்ல வேண்டும், அந்த வகுப்புகளில் சொல்லித் தந்தது அத்தனையும் உண்மையிலேயே நல்ல விஷயம். உயிரைக் காப்பாற்ற அவ்வளவு யோசிக்கிற இடத்தில் சம்பளத்தை இப்படி அடிக்கிறார்களே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆயில் ஃபீல்டில் வண்டி ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். எனக்கு வேலை தெற்கே நிம்ர், மர்முல் பக்கம். மஸ்கட்டிலிருந்து வழியில் வரும் ஹைமாவுக்கே 500 கிலோமீட்டருக்கு மேல். ட்ரெய்லரில் எண்ணெய்க் கிணற்றுக்கான டிரில் பைப்பும் கேசிங் குழாயும் ஏற்றுவேன், கிணறு தோண்டும் இயந்திரமான ரிக்கை இடம் மாற்றும்போது அதன் பாகங்களையும் ஏற்றுவேன். கிளம்பும் முன் ஜர்னி பிளான் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எங்கே ஓய்வு, எத்தனை மணிக்குச் சேர்வோம் எல்லாம் அதில் இருக்கும். இருட்டினால் தனி அனுமதி இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. சேர்ந்த இடத்தில் பெர்மிட்டுக்குக் காத்திருக்க வேண்டும், கிரேனுக்குக் காத்திருக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் கிரேனையும் நிறுத்திவிடுவார்கள்.

ஒரு தடவை மர்முல் பக்கம் ரிக் மாற்றும் வேலை. மதியம் 2 மணிக்குச் சேர்ந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த மணல் காற்று மூன்று நாள் விடவில்லை. கேபினிலேயே படுக்கை. கண்ணாடி இடுக்கு வழியாக வந்த மணல் டாஷ்போர்டில் மாவு மாதிரிப் படிந்துகிடந்தது. வண்டியை விட்டு எங்கேயும் போக முடியாது, எப்போது கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும். நான்காம் நாள் இறக்கிவிட்டுத் திரும்பினேன். நான்கு நாளும் சேர்த்து அவர்கள் கணக்கில் ஒரு டிரிப். 7 ரியால்.

முதல் முழு மாதச் சம்பளம்: பேசிக் 90, ஒன்பது டிரிப்புக்கு 63. அதில் லைசென்ஸ் தவணை 30, இலவசம் என்று சொன்ன சாப்பாட்டுக்கு 15 பிடித்தம். கைக்கு வந்தது 108 ரியால். ஊரில் டேங்கர் ஓட்டியபோதே அதைவிட அதிகம் பார்த்தவன் நான்.

2023-இல் வந்த ஓமன் தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் பகலில் என்றால் 25 சதவீதம் கூட்டியும் இரவில் என்றால் 50 சதவீதம் கூட்டியும் ஓவர்டைம் தர வேண்டும். அந்த ஓவர்டைம் கணக்கும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கிற பணிக்கொடையும் பேசிக்கை வைத்துத்தான். அதனால்தான் பேசிக்கைக் குறைத்துவிட்டு டிரிப், படி என்று மேலே ஏற்றிக் காட்டுகிறார்கள். பேசிக் பாதியானால் பின்னால் வருகிற எல்லாமே பாதிதான்.

கேம்ப்பில் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் இருந்தார். "தம்பி, ஜர்னி பேப்பரைத் தூக்கிப் போட்டுறாத. உன் சம்பளத்துக்குச் சாட்சி அதுதான்" என்று ஆரம்பத்திலேயே சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன். மொத்தம் 61 தாள். பத்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மஸ்கட்டில் இந்தியத் தூதரகம் நடத்துகிற திறந்த முகாமுக்குப் போனேன். அங்கே வழி சொன்னார்கள், தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்தேன். கம்பெனி ஆள் அந்த நான்கு பக்கத்தை நீட்டினார். நான் இமைக்ரேட் ஒப்பந்தத்தையும் 61 தாளையும் நீட்டினேன். வண்டியில் பொருத்திய ஐவிஎம்எஸ் கருவியில் இன்ஜின் போட்ட நேரம், நிறுத்திய நேரம் எல்லாம் பதிவாகியிருக்கும், அதையும் எடுத்துப் பாருங்கள் என்றேன். அதற்கப்புறம்தான் பேச்சு இறங்கி வந்தது. என் கணக்கில் வர வேண்டியது 1,480 ரியால். 640-க்கும் ஊருக்கு டிக்கெட்டுக்கும் ஒத்துக்கொண்டேன். கோர்ட் என்று போனால் சம்பளம் இல்லாமல் இன்னும் எத்தனை மாதம் அங்கே கிடப்பது?

ஊருக்கு வந்து திருச்சிக்காரரைக் கேட்டால், "நான் வெறும் சப் ஏஜென்ட்தானே" என்கிறார். சப் ஏஜென்ட்டுக்கு நம் சட்டத்தில் இடமே கிடையாது. அவருடைய மச்சான் எண்ணுக்கு கூகுள் பேயில் போட்ட 50,000 ரூபாய்க்குச் சாட்சி இருக்கிறது, அதை வைத்துப் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்த 60,000 ரூபாய்க்கு எதுவுமே இல்லை.

ஓமனில் ஒழுங்காகச் சம்பளம் தருகிற கம்பெனிகளும் உண்டு, நம் ஆட்கள் நல்லபடியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். போவதாக இருந்தால் ஏஜென்சியின் பதிவு எண்ணை இமைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் கிடைக்கும் வரை என்ன தருவார்கள், வண்டி நிற்கிற நாளுக்கு என்ன கணக்கு, இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அங்கே போனதும் இரண்டாவது தாள் நீட்டினால், முதல் ஒப்பந்தத்தோடு ஒத்துப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற அரசு உதவி எண் இருக்கிறது.

எங்கள் பட்டறையிலிருந்து இரண்டு பேர் அந்தப் போஸ்டர் எண்ணுக்குப் பேசியிருக்கிறார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டையே கொடுத்துவிட்டாராம். தம்பி, இதைப் படித்தால் நாளைக்கே போய் அதைத் திருப்பி வாங்கிவிடு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.