வாரம் முழுக்க வீட்டுச் சாப்பாடு: மூன்று வழிகள், குன்னூர்க் குளிரில் எது எடுபடும்?

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், கடையில் வாங்காமல் எல்லாவற்றையும் வீட்டிலேயே சமைக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று வழி சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கும் சேர்த்துச் சமைத்து டப்பா டப்பாவாக ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவது ஒன்று. அன்றைக்குக் காய் வாங்கி அன்றைக்கே சமைப்பது இன்னொன்று, நம் அம்மாக்கள் செய்தது. மூன்றாவது வழியில் குழம்பு, பொரியல் எதையும் முன்கூட்டிச் செய்வதில்லை. மாவு, பொடி, வெங்காயம் தக்காளி வதக்கல், வேகவைத்த பருப்பு என்று அடிப்படையை மட்டும் தயாராக வைத்துக்கொள்கிறோம். யூடியூபில் பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து சொல்கிறார்கள், மலைக்கு அது அப்படியே பொருந்தாது. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான். ஆனால் மற்ற இரண்டும் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே கவிழ்கின்றன என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் அடுப்பு. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைவதால், நம் பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, ஊட்டியில் 92, 93. அதற்கு மேல் தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைப்பது இங்கே கேஸுக்குக் கேடு, குக்கரிலும் கீழ்நாட்டை விட ஒன்றிரண்டு விசில் கூடவே வைக்க வேண்டும். ராஜ்மா, கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடாவிட்டால் மறுநாள் அந்தப் பேச்சே வேண்டாம். அதிலும் ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அதை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் நன்றாகக் குழைய விட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

இனி முழுவாரச் சமையல். இதன் பலம் ஒரே நாளில் எல்லா அழுக்குப் பாத்திரமும் முடிந்துவிடுவது, சாயங்காலம் சூடு பண்ணினால் போதும் என்பது. மருத்துவமனையில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், சமைத்த சாப்பாடு நல்ல ஃபிரிட்ஜில், அதாவது 4 டிகிரிக்குக் கீழே, மூன்று நான்கு நாள்தான் தாங்கும். ஞாயிறு செய்த சாம்பார் புதன், மிஞ்சினால் வியாழன் வரை. வெள்ளிக்கும் சனிக்கும் என்ன செய்வது? ஃபிரீசர் என்பார்கள். ஃபிரீசரில் வைத்த உருளைக்கிழங்கு நறநறவென்று ஆகிவிடும், பீன்ஸ் பொரியல் தண்ணீர் விட்டுத் தொளதொளக்கும், நாலு வயதுப் பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் கெடும்.

அப்புறம் கரண்ட். மழைக்காலத்தில் எங்கேயாவது ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மூடியே இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிரைக் காக்கும், நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். மொத்த வாரச் சாப்பாட்டையும் அதற்குள் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே பலர் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது, ‘இந்தக் குளிருக்கு வெளியே வைத்தாலே போதுமே’ என்று. போதாது. 5 டிகிரிக்கு மேல் போனாலே கிருமி வளர ஆரம்பித்துவிடும், மழைக்கால இரவில் நம் சமையலறை அதைவிட நன்றாகவே சூடு. கம்பளி போர்த்திக்கொள்ள வைக்கிற குளிர் குழம்பைக் காப்பாற்றாது. முக்கியமாகச் சோறு, வடித்த சோற்றை ராத்திரி முழுக்க வெளியே வைத்துக் காலையில் கிளறிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அதில் உண்டாகிற நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

அன்றாடச் சமையலுக்கு வருவோம். ருசியில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. காலையில் உழவர் சந்தையில் மண் ஒட்டிய கேரட், உரித்தால் இனிக்கிற பச்சைப் பட்டாணி, முந்தின நாள் பறித்த மேரக்காய் (சௌசௌ), நூக்கல், பட்டன் காளான் எல்லாம் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு ஃபிரீசர் காய் சாப்பிடுவது பாவம். எதுவும் வீணாகாது, விலை ஏறின காயை விட்டுவிட்டு மலிந்ததை வாங்கலாம். ஆனால் இந்த வழிக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். தாத்தா பாட்டி கூட இருந்தால் பிரமாதமாக ஓடும். இல்லையென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மழையில் நனைந்து வந்து, இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று வைத்துக்கொண்டு ‘இன்றைக்கு என்ன குழம்பு’ என்று யோசிப்பதில் இருந்து தொடங்க வேண்டும். அந்த யோசனையும் வேலைதான், பெரும்பாலான வீடுகளில் அது ஒரே ஆள் தலையில், அம்மா தலையில்தான் விழுகிறது. ‘ஃபிரெஷ்ஷாகச் சமைத்தால்தான் சாப்பாடு’ என்று சொல்கிற ஆண்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கடைசியில் வாரத்தில் பாதி நாள் பரோட்டா பார்சலில் போய் முடிகிறது.

மூன்றாவது வழி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஞாயிறு இரண்டு மணி நேரம், புதன் ராத்திரி அரை மணி நேரம். ஞாயிறு தோசை மாவு அரைக்கிறோம், சின்ன வெங்காயமும் தக்காளியும் இஞ்சி பூண்டோடு எண்ணெய் பிரிகிற வரை வதக்கி ஸ்டீல் டப்பாவில் எடுத்து வைக்கிறோம், ஒரு பருப்புப் பொடி, ஒரு புளிக்காய்ச்சல். துவரம் பருப்பை மூன்று நாளைக்கு வேகவைக்கிறோம், புதன்கிழமை மறுபடி ஒரு முறை. தேங்காயைத் துருவி ஃபிரீசரில் வைக்கலாம், அது கெடாது. இவ்வளவும் இருந்தால் சாயங்காலம் வேலை தாளிப்பும் ஒரு காயும் மட்டும்தான். வதக்கலில் பருப்பைச் சேர்த்தால் சாம்பார், பட்டாணியும் உருளைக்கிழங்கும் போட்டால் சப்பாத்திக்குக் குருமா, வெந்த அவரைக்கொட்டை சேர்த்தால், நீலகிரிப் படுகர் வீடுகளில் உருளைக்கிழங்கோடு வைக்கிற அந்தக் குழம்புக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று. கைக்குழந்தை இருந்தால் வெந்த பருப்பும் மசித்த கேரட்டும் காரமும் உப்பும் சேர்க்கும் முன்னாலேயே தனியாக எடுத்துக்கொள்ளலாம், ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையே இல்லை, தேன் கூடவே கூடாது. ஏற்கெனவே சாம்பாராகிவிட்ட டப்பாவில் இருந்து இப்படிப் பிரித்தெடுக்க முடியாது என்பதே முழுவாரச் சமையலை நான் ஒதுக்கப் போதுமான காரணம்.

மாவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலையில் நிறையப் பேர் வீட்டில் அரைப்பதை விடுவதே இதனால்தான். கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு டிசம்பரில், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து நிற்கிற நாளில், மறுநாள் மத்தியானம் ஆனாலும் அசையாது. அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், வெந்தயம் ஒரு ஸ்பூன் கூடப் போடுங்கள், கையால் கரையுங்கள், உப்பைப் பொங்கின பிறகு சேர்த்தால் போதும். பாத்திரத்தை ஹாட்பேக்குக்குள்ளோ, கொதிதண்ணீர்ச் சொம்போடு ஒரு மூடிய பெட்டிக்குள்ளோ வையுங்கள், சொம்புத் தண்ணீரை ஒரு தடவை மாற்றினால் காலைக்குள் விளிம்பில் குமிழி கட்டி மேலே வந்திருக்கும். வராவிட்டாலும் கவலை இல்லை, இட்லியை விட்டுவிட்டுத் தோசை. இதற்கே அலுப்பாக இருந்தால் அடைக்குப் போங்கள், அரிசியும் பருப்பும் ஊறினால் போதும், புளிக்கவே வேண்டாம். கடை மாவா வீட்டு மாவா என்றால், குளிர்காலத்தில் அவசரத்துக்குக் கடை மாவு வாங்குவதில் எந்தக் குற்றமும் இல்லை. ராகியை மட்டும் வீட்டில் வையுங்கள், 100 கிராமில் 340 மில்லிகிராம் போல கால்சியம், அடைமாவில் இரண்டு கரண்டி கலந்தால் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

காயை வாரம் ஒரு முறையே வாங்குகிறீர்கள் என்றால் சாப்பிடுகிற வரிசைதான் முக்கியம். கீரையும் காளானும் முதல் இரண்டு நாளில், பட்டாணி, பீன்ஸ், காலிஃபிளவர் வாரத்தின் நடுவில், முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட், மேரக்காய் கடைசியில். கேரட்டின் தழையை வாங்கின அன்றே கிள்ளிவிடுங்கள், விட்டால் ஈரத்தை இழுத்துக் கிழங்கு வதங்கிவிடும். உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு ஒரே கூடையில் போடாதீர்கள்.

செலவில் மூன்றாவது வழி அன்றாடத்துக்குச் சமமாக வரும், முழுவாரத்தில்தான் கடைசி டப்பாக்கள் குப்பைக்குப் போகும். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம் பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் இந்தக் கணக்கை இன்னும் இளக்குகிறது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அன்றாடத்தை மாற்றாதீர்கள். ராத்திரி ஷிப்ட் என்றால் முழுவாரத்தை இரண்டாக உடைத்து ஞாயிறும் புதனும் சமையுங்கள். மற்ற எல்லோருக்கும் அடிப்படையைத் தயார் செய்கிற வழியே போதும். ஏப்ரல், மே சீசனில் மட்டும் ஒரு மாற்றம்: சனி ஞாயிறு ஊருக்குள் வண்டி நகராது, அதனால் சந்தையை வெள்ளிக்கிழமை காலைக்கும் அரைக்கிற வேலையை வெள்ளி ராத்திரிக்கும் தள்ளிக்கொள்ளுங்கள்.