அகோனடியின் கிடங்கை மாற்றலாமா?

லினக்ஸின் கேடிஈ மேசைத்தளத்தில் கேமெயில் என்ற அஞ்சல் நிரலும் நாட்காட்டியும் நேராக அஞ்சல் சர்வரோடு பேசுவதில்லை. அஞ்சலை வாங்கிச் சேமித்துத் தரும் அகோனடி என்ற பின்னணி நிரல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கணக்குவழக்குக்குக் கிடங்காக மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் என்ற மூன்று டேட்டாபேஸ்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

பலரிடம் இருப்பது மைஎஸ்கியூஎல், அல்லது அதன் பங்காளி மரியாடிபி. நாலைந்து கணக்குகள் ஒரே நேரத்தில் அஞ்சலை இறக்கினாலும் அசராது. ஆனால் உங்கள் ஒருவருக்காகத் தனி சர்வரே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பழைய மடிக்கணினிக்கு அது சுமை.

போஸ்ட்கிரெஸ் உறுதியானதுதான். சிக்கல் பெரிய பதிப்பு மாறும்போது வரும். பதிப்பு 15 எழுதிய தரவைப் பதிப்பு 16 அப்படியே திறக்காது. மாற்றித்தர பழைய பதிப்பின் நிரல்களும் கணினியில் இருக்க வேண்டும். அடிக்கடி அப்டேட் வரும் லினக்ஸில் இதை வீட்டுக் கணினிக்கு இழுத்துப் போட்டுக்கொள்வது வீண் வேலை என்பேன்.

எஸ்கியூலைட்டுக்கு சர்வரே வேண்டாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஒரே நேரத்தில் பல வேலைகளை இழை இழையாக ஓட்டும் அகோனடிக்கு இது ஒத்துவராமல், 'டேட்டாபேஸ் பூட்டப்பட்டுள்ளது' என்று நின்றுவிடும் காலம் ஒன்று இருந்தது. அண்மைப் பதிப்புகளில் நிறையவே சரிசெய்துவிட்டார்கள். ஒன்றிரண்டு கணக்கு வைத்திருப்பவருக்கு என் ஓட்டு இதற்கே. ஹோம் அடைவு வேறொரு கணினியிலிருந்து என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்புமுறை வழியாக வந்தால் மட்டும் வேண்டாம். ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு முறையை அங்கே நம்ப முடியாது.

எதற்கு மாறுகிறோம் என்பதைவிட எப்படி மாறுகிறோம் என்பதில்தான் ஆபத்து. அமைப்புக் கோப்பில், எந்த டேட்டாபேஸ் என்று சொல்லும் டிரைவர் வரியை மட்டும் மாற்றிவிட்டு அகோனடியைத் திரும்ப ஓட்டுவது ஒரு வழி. அஞ்சல்தான் ஐமேப் சர்வரில் (அஞ்சலைத் தன்னிடமே வைத்திருக்கும் சர்வர்) இருக்கிறதே, மறுபடி இறங்கிவிடும் என்று நானும் அப்படித்தான் செய்தேன். அஞ்சல் இறங்கியது, ஆனால் அஞ்சலைப் பிரித்து அடைவுகளில் போடும் வடிகட்டிகள் குழம்பின. காரணம் எளிது: ஒவ்வொரு அடைவுக்கும் அகோனடி ஓர் எண் தருகிறது. வடிகட்டி, அனுப்பிய அஞ்சல் போகும் இடம் எல்லாம் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. காலி டேட்டாபேஸில் எண்கள் புதிதாகப் பிறக்கும். சர்வருக்கு இன்னும் போய்ச் சேராத மாற்றங்களும் பழைய டேட்டாபேஸோடு நின்றுவிடும்.

இன்னொரு வழி, அகோனடி-டிபி-மைக்ரேட்டர். அட்டவணைகளை எண்ணோடு அப்படியே புதிய இடத்துக்குக் கொண்டுபோகும் கருவி இது. மெதுவானதுதான், ஆனாலும் இதையே எடுங்கள். முதலில் இணையத்தில் இருந்தபடி எல்லாக் கணக்கையும் ஒத்திசையுங்கள். பிறகு 'அகோனடிசிடிஎல் ஸ்டாப்' என்ற கட்டளை கொடுத்து, அகோனடி முழுதாக நின்றதைப் பார்த்தபின், அகோனடியின் தரவு அடைவையும் அமைப்புக் கோப்பையும் நகலெடுத்து வையுங்கள். ஓடும்போது எடுத்த நகல் உதவாது. அதன்பின் கருவியை ஓட்டுங்கள்.

மாறியபின் இடத்தை மிச்சப்படுத்தப் பழையதை அழிக்கிறவர்கள் 'ஃபைல்_டிபி_டேட்டா' அடைவில் கை வைக்க வேண்டாம். இயல்பு அமைப்பில் 4096 பைட்டைத் தாண்டும் உள்ளடக்கம் டேட்டாபேஸுக்கு வெளியே அங்கேதான் கிடக்கிறது. புதிய டேட்டாபேஸும் அதே கோப்புகளைத்தான் தேடி வரும்.